சிவப்பா, சாம்பலா? – கோழியின் மூதாதையைத் தேடிய கதை

கோழியின் கால் ஏன் மஞ்சளாக இருக்கிறது? சின்னப்பிள்ளை கேட்கும் கேள்வி போலத் தோன்றும். ஆனால் இதற்குச் சரியான விடை கிடைத்தது 2008-ம் ஆண்டில்தான். அந்த விடை, இரண்டு காட்டுப் பறவைகளைப் பற்றி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்த ஒரு வழக்கையே புரட்டிப் போட்டது.

உலகில் காட்டுக்கோழிகள் மொத்தம் நான்கு இனங்கள். இலங்கையில் ஒன்று, ஜாவா பக்கத்துத் தீவுகளில் பச்சை நிறத்தில் ஒன்று. மீதி இரண்டும் இந்தியாவில் இருக்கின்றன. ஒன்று சிவப்புக் காட்டுக்கோழி, இன்னொன்று சாம்பல் காட்டுக்கோழி. உலகம் முழுவதும் வளர்க்கப்படும் கோழிக்கு இந்த இரண்டில் எது மூதாதை என்பதுதான் வழக்கு!

இரண்டு பறவைகள்

முதலில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் தரையில் வாழ்பவை. காலால் சருகைக் கிளறி விதை, பூச்சி, கறையான் என்று கிடைத்ததைத் தின்னும். ஆபத்து வந்தால் முதலில் புதருக்குள் ஓடும், வேறு வழி இல்லாவிட்டால்தான் பறக்கும். இரவில் மரக்கிளையில் அடையும். தரையில் சருகுப் பள்ளத்தில் முட்டையிட்டு ஏறக்குறைய 21 நாள் அடைகாக்கும். இதுவரை எல்லாம் ஒன்றுதான். வேறுபாடுகள் இனிமேல்தான்.

இறகு: சிவப்புச் சேவலின் கழுத்திலும் இடுப்பிலும் பொன்னும் செம்மையும் கலந்த நீண்ட இறகுகள் தொங்கும். கிராமத்துச் செஞ்சேவலைப் பார்த்தவருக்கு இதை அடையாளம் காண்பது எளிது. சாம்பல் சேவலின் உடல் சாம்பல் நிறம். கழுத்து இறகுகளின் நடுவே மெழுகை உருக்கிச் சொட்டியது போல வெள்ளையும் மஞ்சளுமாகப் பளபளக்கும் கெட்டியான புள்ளிகள் இருக்கும். எந்த வீட்டுக்கோழியிலும் இந்தப் புள்ளி கிடையாது.

கொண்டை: சிவப்பில் பெரிய ரம்பப் பற்கள். சாம்பலில் சிறிய, நுணுக்கமான பற்கள்.

குரல்: சிவப்புச் சேவல் வீட்டுச் சேவல் போலவே கூவும், கடைசி இழுவை மட்டும் சட்டென்று நின்றுவிடும். சாம்பல் சேவலின் கூவல் வேறு மாதிரி. உடைந்த குரலில் ‘குக்... காயக்... கியுக் கியுக்’ என்று கேட்கும்.

பெட்டை: சிவப்புப் பெட்டையின் மார்பு ஒரே பழுப்பு. சாம்பல் பெட்டையின் மார்பில் வெள்ளை நிறத்தில், கரிய விளிம்போடு, மீன் செதில் போன்ற அமைப்பு இருக்கும்.

கால்: சிவப்பின் கால் ஈயம் போன்ற கருஞ்சாம்பல் நிறம். சாம்பலின் கால் மஞ்சள், சேவலில் சற்றே செம்மை கலந்திருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

வாழும் இடம்: சிவப்பு இமயமலை அடிவாரத்தில் தொடங்கி வடகிழக்கு இந்தியா, பர்மா, தாய்லாந்து, தென் சீனா, மலேயா, சுமத்ரா வரை பரந்து வாழ்கிறது. இந்தியாவில் தெற்கே ஏறக்குறைய கோதாவரியோடு நின்றுவிடுகிறது. சாம்பல் இந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே சொந்தம். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகள், சாத்பூரா, ராஜஸ்தானின் தென்கோடி ஆகியவற்றோடு சரி. இந்தியாவைத் தாண்டி எங்கும் இல்லை. சால மரக்காடு சிவப்புக்கு, தேக்குக் காடு சாம்பலுக்கு என்று பறவை ஆர்வலர்கள் பொதுவாக எல்லை பிரிப்பதுண்டு. அந்தக் காடுகள் சந்திக்கும் மத்திய இந்தியாவில்தான் இந்த இரண்டு கோழிகளின் எல்லைகளும் தொட்டுக்கொள்கின்றன.

தமிழகக் காடுகளில் இயற்கையாக இருப்பது சாம்பல் மட்டுமே. ஆகவே சங்கப் பாடல்கள் ‘கானக்கோழி’ என்று சொல்லும் பறவை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

சொன்னராவின் கோழி

பியர் சொன்னரா 1748-ல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். பிரெஞ்சு அரசின் சார்பில் கிழக்கு நாடுகளில் பயணம் செய்து செடிகொடிகளையும் பறவைகளையும் சேகரித்தார். பாண்டிச்சேரியில் பல காலம் இருந்தார். 1774 முதல் 1781 வரை இந்தியாவிலும் சீனாவிலும் தான் கண்டவற்றை 1782-ல் புத்தகமாக வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் தென்னிந்திய மலைகளில் வாழும் ஒரு காட்டுச் சேவலையும் பெட்டையையும் அவர் விவரித்தார். அதுதான் சாம்பல் காட்டுக்கோழி. வீட்டுக்கோழியின் மூல வடிவம் இதுவே என்பது அவர் முடிவு. ஐரோப்பாவில் கோழி இல்லாத ஊர் இல்லை, ஆனால் ஐரோப்பியக் காடுகளில் கோழி கிடையாது. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடையாகக் கண்ணுக்குத் தெரியும் ஒரு பறவையைச் சொன்னரா கொண்டுவந்து நிறுத்தினார். பலர் அதை ஏற்றுக்கொண்டார்கள். 1813-ல் டச்சு விலங்கியலாளர் டெம்மிங்க் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் சூட்டியபோது சொன்னராவின் பெயரையே வைத்தார். இன்றும் அந்தப் பெயர்தான்.

டார்வினின் தீர்ப்பு

அடுத்த கட்டம் இங்கிலாந்தில். வளர்ப்பு விலங்குகளும் பயிர்களும் எப்படி மாறுகின்றன என்று சார்லஸ் டார்வின் இரண்டு பாகங்களில் ஒரு பெரிய நூலை 1868-ல் வெளியிட்டார். அதில் கோழிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இத்தனை விதமான வளர்ப்புக் கோழிகளும் ஒரே காட்டு இனத்திலிருந்து வந்தவையா, பல இனங்களிலிருந்து வந்தவையா என்பதுதான் அவருடைய கேள்வி.

இந்தியத் தகவல்களுக்கு அவர் பெரிதும் நம்பியது எட்வர்ட் பிளைத் என்பவரை. பிளைத் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருபது ஆண்டுகள் வேலை பார்த்தவர். சாம்பல் காட்டுக்கோழியையும் வீட்டுக்கோழியையும் சேர்த்து அவர் ஏறக்குறைய 100 கலப்புக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார். பெரும்பாலானவை சிறு வயதிலேயே செத்துப்போயின. தப்பி வளர்ந்தவை மலடாக இருந்தன. லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் செய்த சோதனையில் மட்டும் கலப்புப் பறவைகள் முழு மலடாக இல்லை என்று டார்வின் குறித்து வைத்தார். (இந்தச் சிறு குறிப்பு பிற்பாடு எவ்வளவு பெரிதாகப் போகிறது என்று அவருக்கு அப்போது தெரிந்திருக்க வழியில்லை!)

சிவப்புக் காட்டுக்கோழியோ வீட்டுக்கோழியோடு தாராளமாகக் கலந்தது. குஞ்சுகளும் நன்றாக இனம் பெருக்கின. குரலும் ஒத்துப்போனது. டார்வின் தானே ஒரு சோதனையும் செய்தார். கரிய ஸ்பானியச் சேவலை வெள்ளைப் பட்டிறகுக் கோழிகளோடு சேர்த்தார். கறுப்புக்கும் வெள்ளைக்கும் பிறந்தவற்றில் ஒரு சேவல் சிவப்புக் காட்டுச் சேவலின் நிறத்தோடு வளர்ந்து நின்றது! மறைந்து கிடந்த மூதாதையின் நிறம் திரும்பி வந்ததாக டார்வின் எடுத்துக்கொண்டார்.

பழைய நூல்களையும் அவர் விடவில்லை. மனுஸ்மிருதி ஊர்க்கோழியை உண்ணக்கூடாது என்கிறது, காட்டுக்கோழியை அனுமதிக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். அந்தக் காலத்திலேயே வீட்டுக்கோழி தனியாகப் பிரிந்துவிட்டது என்பதற்கு அது சான்று.

மெழுகுப் புள்ளி எந்த வீட்டுக்கோழியிலும் இல்லை, குரல் ஒட்டவில்லை, கலப்புக் குஞ்சு நிற்கவில்லை. இந்த மூன்று காரணங்களால் சாம்பல் தோற்றது, சிவப்பு வென்றது. மூதாதை ஒன்றே, அது சிவப்புக் காட்டுக்கோழி என்பது அடுத்த நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடப்புத்தகச் செய்தி ஆயிற்று.

வேட்டைக்காரர்களின் கணக்கு

ஆய்வாளர்கள் இப்படி வாதாடிய அதே காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு இரண்டும் வேட்டைப் பறவைகள். ஹியூம், மார்ஷல் இருவரும் சேர்ந்து இந்தியா, பர்மா, இலங்கையின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் 1881 வரை மூன்று பாகங்களாக நூல் வெளியிட்டார்கள். காங்கிரஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான் இவர். காட்டுக்கோழிகளும் அந்நூலில் உண்டு.

நீலகிரியில் துப்பாக்கிகள் பெருகி விலங்குகள் குறைந்ததால் 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டெருமை, கடமான், வரையாடு ஆகியவற்றோடு காட்டுக்கோழியும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது. ஆண்டின் ஒரு பகுதியில் வேட்டைக்குத் தடை! கோழியின் மீது இரக்கம் என்பதைவிட, அடுத்த ஆண்டும் சுடுவதற்குக் கோழி வேண்டும் என்ற கணக்குத்தான் அதில் அதிகம்.

சாம்பலுக்கு இன்னொரு கண்டமும் இருந்தது. அந்த மெழுகுப் புள்ளி இறகுதான். இங்கிலாந்தில் சால்மன் மீன் பிடிப்பவர்கள் தூண்டில் முள்ளில் வண்ண இறகுகளைக் கட்டிப் பொய்ப்பூச்சி செய்வார்கள். சாம்பல் சேவலின் கழுத்து இறகை அதில் வைத்தால் அந்தப் புள்ளி சிறு மீனின் கண் போலத் தண்ணீரில் மின்னும். இதற்காகவே இறகுகள் கப்பலேறின. வீட்டுக்கோழியில் இல்லாததால் வழக்கில் சாம்பலைத் தோற்கடித்த அதே புள்ளி, வேறு எதிலும் கிடைக்காததால் அதன் உயிருக்கும் உலை வைத்தது.

இந்தியாவில் 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் செய்த திருத்தத்தோடு வேட்டை உரிமம் என்ற ஏற்பாடே ஒழிந்தது. தூண்டில்காரர்கள் இப்போது பண்ணைகளில் வளர்க்கும் பறவைகளின் இறகைப் பயன்படுத்துகிறார்கள்.

சிவப்புக்கு நடந்தது வேறு. அமெரிக்க அரசின் வனவிலங்குத் துறை, வேட்டைப் பிரியர்களுக்காக வெளிநாட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து விடும் திட்டம் ஒன்றை நடத்தியது. அதை நடத்திய கார்டினர் பம்ப் என்பவர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட இந்தியாவிலிருந்து சிவப்புக் காட்டுக்கோழிகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார். ஊர்க்கோழிக் கலப்பு இல்லாதவையாகத் தேடி எடுத்தார்கள். அங்கே பெருக்கி, தென் மாநிலக் காடுகளில் ஆயிரக்கணக்கில் விட்டார்கள். ஒன்றுகூட நிலைக்கவில்லை. திட்டம் தோல்வி! ஆனால் சில தனியார் அந்த வம்சத்தைக் கூண்டில் வளர்த்துக் காப்பாற்றினார்கள். அந்த வேண்டாத வேலைதான் பிறகு மதிப்புள்ளதாக ஆயிற்று.

எலும்பும் மரபணுவும்

மரபணு ஆய்வு வந்ததும் டார்வினின் தீர்ப்பு மேலும் உறுதியானது போலத் தெரிந்தது. 1994-ல் ஜப்பானிய ஆய்வுக்குழு ஒன்று கோழிகளின் மைட்டோகாண்ட்ரிய மரபணுவை ஆராய்ந்து, எல்லா வளர்ப்புக் கோழிகளும் சிவப்புக் காட்டுக்கோழியின் வழி வந்தவை என்றது. அந்தக் குழுவை நடத்தியவர்களில் ஒருவர் அன்றைய ஜப்பான் பேரரசரின் இளைய மகன் இளவரசர் ஃபுமிஹித்தோ! 2004 டிசம்பரில் கோழியின் முழு மரபணு வரைபடம் வெளியானது. பறவைகளில் முதன்முதலாக வரையப்பட்டது அதுதான். அதற்கும் ஒரு சிவப்புக் காட்டுக்கோழிப் பெட்டையைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

2020-ல் 863 பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியான்மர் பகுதிகளில் வாழும் சிவப்புக் கிளையினம் ஒன்றுதான் வீட்டுக்கோழிக்கு மிக நெருக்கம் என்று கண்டது. 2022-ல் வந்த தொல்லியல் ஆய்வு காலத்தையும் திருத்தியது. சீனாவில் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே கோழி வளர்த்தார்கள் என்ற பழைய கருத்தை அது ஒதுக்கியது. உறுதியாகச் சொல்லத்தக்க மிகப் பழைய வளர்ப்புக்கோழி எலும்புகள் தாய்லாந்தின் பான் நான் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை, காலம் கி.மு. 1650 முதல் 1250-க்குள் என்றது. நெல்லும் தினையும் விளைந்த வயலோரம் சிந்திய தானியம்தான் காட்டுக்கோழியை மனிதனின் அருகே இழுத்து வந்தது என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். மனிதன் போய்ப் பிடித்து வந்தான் என்பதைவிட, கோழி தானாக வாசலுக்கு வந்தது என்பதே பொருத்தமாக இருக்கிறது.

மஞ்சள் கால்

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். சிவப்பின் கால் கருஞ்சாம்பல் என்றால் வீட்டுக்கோழியின் மஞ்சள் கால் எங்கிருந்து வந்தது?

கோழி தின்னும் சோளத்திலும் கீரையிலும் மஞ்சள் நிறமி இருக்கிறது. அது தோலில் சேரும்போது அதைத் துண்டாக்கி நிறமில்லாமல் செய்ய ஒரு நொதி உண்டு. சிவப்புக் காட்டுக்கோழியில் அந்த நொதி தோலிலும் வேலை செய்கிறது, மஞ்சள் தங்குவதில்லை. மஞ்சள் கால் கோழியில் அந்த நொதிக்கான மரபணு தோலில் மட்டும் அடங்கிக் கிடக்கிறது, அதனால் மஞ்சள் அப்படியே தங்கிவிடுகிறது.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் அவர்களுடன் இணைந்தவர்களும் 2008-ல் அந்த மரபணுத் துண்டை மட்டும் எடுத்து, காட்டுக்கோழிகளின் துண்டுகளோடு ஒப்பிட்டார்கள். மஞ்சள் கால் கோழியின் துண்டு சிவப்போடு ஒட்டவில்லை. சாம்பல் காட்டுக்கோழியோடு ஒட்டியது!

அப்படியானால் 1994-ல் ஏன் இது தெரியவில்லை? மைட்டோகாண்ட்ரிய மரபணு தாய் வழியாக மட்டுமே வரும். காட்டிலிருந்து ஒரு சாம்பல் சேவல் ஊர் எல்லைக்கு வந்து வீட்டுப் பெட்டையோடு சேர்ந்திருந்தால், அந்தத் தகப்பனின் சுவடு அதில் இருக்காது. பிளைத்தின் குஞ்சுகளில் பெரும்பாலானவை செத்தன, பிழைத்தவை மலடாயின. ஆனால் நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று தப்பியிருந்தால் போதும். லண்டன் சோதனையைப் பற்றி டார்வின் எழுதி வைத்த அந்தச் சிறு குறிப்பு நினைவுக்கு வருகிறதா? அந்த ஓட்டை வழியாகத்தான் சாம்பலின் மரபணு வீட்டுக்கோழிக்குள் புகுந்திருக்கிறது. சாம்பல் காட்டுக்கோழி இந்தியாவில் மட்டுமே இருப்பதால், இந்தக் கலப்பும் இந்த மண்ணில் நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

இன்றைய வெள்ளை லெகார்னும் பெரும்பாலான பிராய்லர் கோழிகளும் மஞ்சள் கால் கோழிகளே. உலகில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் கோழிகள் 2,000 கோடிக்கும் மேல். சாம்பல் மூதாதை என்று சொன்ன சொன்னராவின் முடிவு தவறுதான். ஆனால் முழுத் தவறு அல்ல. டார்வினின் முடிவு சரிதான். ஆனால் முழுச் சரி அல்ல.

பேரப்பிள்ளைகளால் வந்த ஆபத்து

இந்தக் கதை பழைய வழக்கோடு முடிந்திருந்தால் ஒரு சுவையான செய்தியோடு போயிருக்கும். ஆனால் கலப்பு ஒரு பக்கமாக மட்டும் நடப்பதில்லை.

காட்டோரக் கிராமங்களில் வீட்டுக்கோழி அவிழ்ந்து மேய்கிறது. சிவப்புக் காட்டுச் சேவல் வீட்டுப் பெட்டையைத் தேடி வருகிறது, வீட்டுச் சேவல் காட்டுக்குள் போகிறது. இரண்டுக்கும் இடையே தடையே இல்லை. பிறக்கும் குஞ்சுகள் காட்டிலேயே தங்கிவிடுகின்றன. தூய சிவப்புச் சேவல் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பொன்னிறக் கழுத்து இறகுகளை உதிர்த்துவிட்டு, கொஞ்ச காலம் கரிய குட்டை இறகோடு, கொண்டை சுருங்கி நடமாடும். வீட்டுச் சேவல் அப்படி மாறுவதில்லை. இந்த அடையாளத்தை வைத்துப் பீட்டர்சன், பிரிஸ்பின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் உலக அருங்காட்சியகங்களில் இருந்த நூற்றுக்கணக்கான பதப்படுத்தப்பட்ட பறவைகளைச் சோதித்தார்கள். தென்கிழக்கு ஆசியாவின் கோடியிலும் பிலிப்பைன்ஸிலும் தூய வடிவம் எப்போதோ மறைந்துவிட்டது என்று 1998-ல் எழுதினார்கள். 2023-ல் வந்த மரபணு ஆய்வு, பழைய அருங்காட்சியகப் பறவைகளையும் இன்றைய காட்டுப் பறவைகளையும் ஒப்பிட்டு, வீட்டுக்கோழியின் மரபணு காட்டுக்குள் நாளுக்கு நாள் கூடி வருவதைக் காட்டியது.

பட்டியலைப் பார்த்தால் கவலையில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இரண்டு காட்டுக்கோழிகளையும் ‘குறைந்த கவலை’ என்ற பிரிவில்தான் வைத்திருக்கிறது. எண்ணிக்கை குறையாமலே ஓர் இனம் உள்ளுக்குள் கரைந்துபோக முடியும் என்பதை அந்தப் பட்டியல் காட்டாது. அமெரிக்காவில் கூண்டில் தங்கிப்போன அந்தத் தோல்வித் திட்டத்துக் கோழிகளைப் பிரிஸ்பின் போன்றவர்கள் பெரிதாக மதித்ததற்குக் காரணம் இதுதான். இந்தியக் காட்டின் பழைய சிவப்பு எப்படி இருந்தது என்பதற்கு அவை ஒரு மாதிரி.

சாம்பலின் நிலை என்ன? கண்ணி, காடு அழிதல் என்று அதற்கும் தொல்லைகள் உண்டு. ஆனால் வீட்டுக்கோழியோடு அது எளிதில் கலப்பதில்லை, கலந்தாலும் குஞ்சு நிற்பது அரிது. கலப்புக் குஞ்சு நிற்கவில்லை என்றுதான் டார்வின் மூதாதைப் பட்டத்தை அதனிடமிருந்து பறித்தார். இன்று அந்தக் குணமே அதற்குக் காவலாக இருக்கிறது. பட்டத்தை வென்ற சிவப்போ, தன் பிள்ளைகளின் பிள்ளைகளாலேயே காணாமல் போய்க்கொண்டிருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைப் பாதைகளில் அதிகாலையில் போனால் அந்த உடைந்த கூவலை இன்றும் கேட்கலாம். அது வீட்டுச் சேவலின் கூவல் போல இல்லை. இனியும் அப்படியே இருக்கட்டும்!